ஓடுகிற இயந்திரத்தை எப்போது பிரிப்பது?

கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்களின் பராமரிப்புப் பிரிவிலேயே என் உழைப்புக் காலம் கழிந்தது. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்துக்கு ஒருக்கா ஓவர்ஹால் பண்ணணுங்கய்யா?" என்பதுதான். எல்லாப் பாகத்துக்கும் ஒரே மாதக் கணக்கு இருக்கிறது என்ற நம்பிக்கையே பாதிப் பழுதுகளுக்குக் காரணம் என்று அவர்களிடம் சொல்வேன்.

கணக்கு பொருந்தும் பாகங்கள் உண்டு. ரிங் ஃப்ரேமில் டிராவலர் என்கிற சின்னக் கொக்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வளையத்தை உரசியபடி ஓடுகிறது. அது தேய்ந்தே தீரும். நூல் ரகத்தையும் வேகத்தையும் பார்த்து நாள் குறித்து, மொத்தமாக மாற்றிவிட வேண்டும். பேரிங் அப்படியல்ல. ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று சில மாதங்களில் போய்விடும். இன்னொன்று வருடக்கணக்கில் உழைக்கும். தேதி வந்துவிட்டதென்று நல்ல பேரிங்கைக் கழற்றினால் தூசி நுழையும், அலைன்மென்ட் விலகும், புதிதாகப் போட்டது முதல் வாரத்திலேயே சத்தம் போடும்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களுக்கு 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை சோதனை நடந்தது. உயிரியல் அறிஞரான வாடிங்டனின் குழு பழுதுக் கணக்கைப் புரட்டியபோது, சோதனை முடிந்த கையோடு பழுது கூடி, பறக்கப் பறக்கக் குறைந்து வந்தது தெரிந்தது. பிறகு 1978இல், யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கை, அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் வயதானதால் பழுது கூடியவை சுமார் 11 சதவீதம்தான் என்றது.

அப்படியானால் உடையும்வரை விட்டுவிடுவதா? கூடாது. பேரிங் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் அதிர்வு, பிறகு சத்தம், பிறகு சூடு, கடைசியில் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறிக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளிதான் நம் கையில் இருக்கும் அவகாசம். அதில் பாதிக்குள்ளாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதிர்வை அளக்கும் மீட்டர் வருமுன் ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் மூடிமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்போம். சத்தம் கேட்டதும் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நிரம்ப அடைத்த கிரீஸ் உள்ளே கடைந்து சூடேறும், மோட்டாரையும் கெடுக்கும். என்ன சத்தம், எந்த ஷிப்டில் தொடங்கியது என்று அங்கே நிற்கும் தொழிலாளியிடம் முதலில் கேளுங்கள். அவர் காதுக்குத்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும்.

எனக்குக் கவலை, சத்தமே இல்லாமல் கெடுபவை பற்றித்தான். பாதுகாப்பு வால்வு, தீயணைப்பு பம்ப், மாற்று ஜெனரேட்டர் எல்லாம் சும்மா நிற்பவை. கெட்டாலும் யாருக்கும் தெரியாது. தேவைப்படும் நேரத்தில்தான் தெரியும். இவற்றுக்கு மட்டும் தேதி தவறாத சோதனை வேண்டும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் ஓர் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தபோது, அந்த ஆலையின் குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். அடுத்திருந்த குடிசைகளில் ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலும் ஓட்டத்திலும் இறந்துபோனார்கள்.

பாதுகாப்புக் கருவி ஒன்றைக் கழற்றினால், அது திரும்ப மாட்டப்படும்வரை அதை நம்பியிருக்கும் இயந்திரம் ஓடக்கூடாது. உற்பத்தி மேலாளர் எத்தனை அவசரப்படுத்தினாலும், இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பிள்ளைகளே.