எங்கட ஆக்கள்ல ஒரு உளவாளி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

தரம் 10 பிள்ளைகள் கொஞ்ச நாளாக ஒரு யப்பான் கார்ட்டூன் தொடரைப் பற்றியே பேசிக்கொண்டு திரிகிறார்கள். 'கார்ட்டூன்' என்றால் கோபம் வரும், 'அனிமே' என்று சொல்ல வேண்டுமாம். யுத்த காலத்தில் ஒரு பெண் உளவாளி துப்புத் துலக்கும் கதை. போன வாரம் ஒரு டீச்சர் லீவு. நாங்கள் இரண்டு பேர் அந்த வகுப்பையும் சேர்த்துப் பார்த்தோம். அப்போது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "எங்கட ஆக்கள்ல உளவாளி யாரும் இருந்திருக்காங்களா டீச்சர்?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 90இல் எங்களுக்கு எட்டு வயது. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி ஆண்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். சோனகத் தெரு வெறிச்சோடிப் போனது. எங்களை அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த ஒரு சொல்லும் இருந்தது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்த காலத்தில் அந்தச் சொல்லை வாப்பாவின் முன்னால் யாரும் எடுக்க மாட்டோம். இந்தப் பிள்ளைக்கு அது ஹீரோயின் பெயர்!

அவள் கேட்டதற்குப் பதில் இருந்தது. நூர் இனாயத் கான். 1914இல் மொஸ்கோவில் பிறந்தவர். தந்தை பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைக் கலைஞர் இனாயத் கான், தாய் அமெரிக்கப் பெண். தந்தையின் தாய்வழியில் திப்பு சுல்தானின் பரம்பரை. (சூஃபிகளைப் பற்றிய வாதத்தைத் தயவுசெய்து கொமெண்டில் தொடங்க வேண்டாம்.) பாரிசுக்கு அருகில் வளர்ந்து, பிள்ளைகளுக்குக் கதை எழுதினார். 1939இல் லண்டனில் வெளிவந்த அவரது புத்தகம் இருபது ஜாதகக் கதைகள். தன் கூட்டத்தைக் காப்பாற்றத் தன் உடம்பையே பாலமாக்கிய குரங்கு அரசனின் கதையும் அதில் உண்டு.

கொல்லாமை போதித்த வீட்டில் வளர்ந்தவர்தான். ஜெர்மன் படை பாரிசுக்கு வந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. அங்கே நூரும் தம்பி விலாயத்தும் சும்மா இருக்க மனமில்லாமல், ஆளைக் கொல்லாத ஆனால் ஆபத்தான வேலை ஒன்றைத் தேடினார்கள். நூர் கம்பியில்லாத் தந்தி பழகினார். 1943 ஜூனில் நிலா வெளிச்சத்தில் ஒரு சின்ன விமானத்தில் பிரான்சில் போய் இறங்கினார். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சுக்கு இங்கிலாந்து அனுப்பிய முதல் பெண் தந்தியாளர் அவர். இரகசியப் பெயர் 'மடலின்'. தந்திப் பெட்டியைச் சூட்கேசில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறுவார். ஜெர்மன்காரர் சிக்னலைப் பிடித்து வந்துவிடுவார்கள் என்பதால் ஒரே இடத்தில் நின்று அனுப்ப முடியாது. அந்த வேலைக்குப் போனவர்கள் ஆறு கிழமை தப்பினாலே பெரிய விஷயம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவர் போய்ச் சில நாட்களில் கூட்டாளிகள் பிடிபட்டார்கள். திரும்பி வா என்றது லண்டன். அவர் போகவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்.

கார்ட்டூன் உளவாளிபோல எல்லாம் கச்சிதமாகச் செய்தவரில்லை. அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அது பிடிபட்டதும், அவர் பெயரிலேயே ஜெர்மன்காரர் லண்டனுக்குப் பொய்ச் செய்தி அனுப்பினார்கள். அதை நம்பி அனுப்பப்பட்ட வேறு ஆட்கள் உயிரிழந்தார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம், மறைக்கவில்லை.

ஒக்டோபரில் பிடித்தார்கள். தப்ப முயன்றார், சரிவரவில்லை. ஜெர்மனியில் பத்து மாதம் கைகால் சங்கிலியோடு தனியறையில் கிடந்தும், கூட இருந்தவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1944 செப்டெம்பர் 13இல் டாக்காவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு சுட்டுக் கொன்றார்கள். வயது 30. 1949இல் பிரித்தானியா ஜோர்ஜ் சிலுவை விருது கொடுத்தது. 2012இல் லண்டன் கோர்டன் சதுக்கத்தில் சிலை வைத்தார்கள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. கேட்ட பிள்ளையே திரும்பவும் எழும்பினாள். "எப்பிடிப் பிடிபட்டாங்க டீச்சர்?"

காசுக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்றோம். தெரிந்த ஒரு பெண்தான் என்று குற்றஞ்சாட்டி யுத்தத்துக்குப் பிறகு வழக்கு நடந்தது, அந்தப் பெண் விடுதலையானாள்.

"அப்ப அது தலையாட்டியா டீச்சர்? எங்கட வாப்பும்மா சொல்லுவாங்க. சாக்கு மூடிக்கொண்டு வந்து தலையாட்டுவாங்களாம். எங்கட ஆக்களையும் அப்பிடிச் சொன்னவங்களாமே, அது உண்மையா?"

மணி அடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சொல்கிறோம் என்றோம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பேசினோம். எட்டு வயதுக் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு மைதானத்தில் நின்றவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறீர்கள். யாராவது ஒருவர் செவ்வாய் காலை ஒரு பாடவேளை வந்து பிள்ளைகளோடு பேச முடியுமா? இன்பொக்ஸில் சொல்லுங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.