சக்கரம் வைத்த சமையலறை

அடுப்பு, அலமாரி, படுக்கை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. 'காம்பர்வேன்' என்கிறார்கள். நினைத்த இடத்துக்கு ஓட்டிப் போகலாம். இருட்டினால் முகாமில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால், சமையலறையும் கூடவே வருகிறதே, விடுமுறை யாருக்கு? பெண்களுக்கு இந்தச் சந்தேகம் எழாமல் இருக்குமா?

மெல்போர்னில் இருக்கும் எங்கள் பிள்ளை சென்ற ஆண்டு அப்படி ஒரு வண்டியில் எங்களை அழைத்துப் போனான். ஜீலாங்கில் வண்டியோடு கப்பலேறி, டாஸ்மேனியாத் தீவில் இறங்கினோம். வெளியிலிருந்து காய், பழம் கொண்டுவரக் கூடாது என்பது அந்தத் தீவின் சட்டம். என் பச்சைமிளகாய்க்குப் பிரயாணம் ஜீலாங்கோடு முடிந்தது!

கிரேடில் மலை தேசியப் பூங்காவின் அருகே முகாம். மறுநாள் டவ் ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர் நடப்பதாக ஏற்பாடு.

"அம்மா, நீ வண்டியிலேயே இரேன். நாங்கள் திரும்புவதற்குள் ரசம் வைத்துவிட்டால் போதும்" என்றான் பிள்ளை.

"உன் முழங்காலுக்கும் நல்லது" என்று ஒத்து ஊதினார் என் கணவர். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள்.

அன்று மாலைதான் பூங்காவுக்குள் வால்ட்ஹைம் என்ற மரவீட்டைப் பார்த்திருந்தோம். ஆஸ்திரியாவில் பிறந்த குஸ்தாவ் வைண்டார்ஃபர் 1912-ல் எழுப்பிய வீடு. இப்போது நிற்பது அதே மாதிரி திரும்பக் கட்டியது. அவருடைய மனைவி கேட், 1906-ல் கல்யாணமானதும் ரோலண்ட் மலையில் கூடாரம் அடித்து, செடிகொடிகளைச் சேகரித்தபடியே தேனிலவைக் கழித்தவர்! 1910-ல் கணவரோடு 1,545 மீட்டர் உயரமுள்ள கிரேடில் சிகரத்திலும் ஏறினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். 1916-ல் காலமானார். 1922-ல் அந்த மலைப்பகுதி காப்பிடமானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த அம்மாள் ஏறிய மலையின் அடிவாரத்தில் நடக்க எனக்கென்ன கேடு?

"ரசம் எங்கும் ஓடிவிடாது. நானும் வருகிறேன்" என்றேன்.

ஏரிக்கரையில், நடக்கப் போகிறவர்கள் பெயர் எழுதிவைக்க ஒரு புத்தகம் இருக்கிறது. பிள்ளை அப்பாவின் பெயரை எழுதி நிறுத்தினான். பேனாவை வாங்கி, என் பெயரை நானே எழுதினேன்.

பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவே பாதை. ஒரு நிமிஷம் வெயில், மறு நிமிஷம் சில்லென்று தூறல். உட்கார்ந்த இடத்தில் கரவாங் என்ற கறுப்புப் பறவை பையின் ஜிப்பையே இழுத்துத் திறந்து பிஸ்கட்டைக் கொத்திக்கொண்டு போயிற்று! முழங்கால் வலித்தது, நடந்து முடித்தேன்.

பொழுது சாயும் வேளை. புல்வெளியில் வாம்பட் ஒன்று குட்டிக் கரடிபோல் அசைந்து மேய்ந்தது. மாமியாரும் மருமகளும் வண்டிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். "ரசப்பொடி எந்த டப்பா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சிவப்பு மூடி!" என்றோம் இருவரும்.