ஆண்மையைக் குறைக்கும் மருந்தா? ஒரு முதியவரின் மஸ்அலா



குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் பள்ளிவாசலில் வெளியூர் முகங்கள் பெருகும். ஜும்ஆ நாளில் ஒளூச் செய்யும் இடத்திலும் கழிப்பறை வாசலிலும் வரிசை நீளும். அந்நாட்களில் உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் வருவதில்லை. அடக்க இயலாத சிறுநீரை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க அவர்களால் ஆகாது. காரணத்தை வெளியே சொல்லவும் நாணம் விடாது.

சென்ற ஆண்டு அத்தகைய பெரியவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். புரோஸ்டேட் சுரப்பி பருத்திருப்பதாகக் கூறி, மருத்துவர் ஃபினாஸ்டரைடு என்னும் மாத்திரை தந்திருந்தார். பெட்டியிலிருந்த தாளில் இச்சை குறையலாம் என்று கண்டதும், மூன்றே வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். “ஹஜ்ரத், காயடித்துக்கொள்வது மார்க்கத்தில் தடை அல்லவா? இதுவும் அதைப் போன்றதுதானே?” என்று கேட்டார். இரவில் ஐந்து முறை எழுகிறாராம். “தஹஜ்ஜுதுக்கு எழுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது.

இரண்டு நாள் தவணை கேட்டேன். கிதாபுகளைப் புரட்டியதுடன், எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடமும் விளக்கம் பெற்றேன்.

அவருடைய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1895இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் வைட், இந்நோய்க்கு விரைகளை அகற்றும் சிகிச்சையின் விளைவுகளையே வெளியிட்டிருந்தார். இன்றைய மாத்திரையின் வழி வேறு. 1974இல் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்னும் பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் டொமினிக்கன் குடியரசின் சிற்றூர் ஒன்றில் சில குடும்பங்களை ஆராய்ந்தனர். பிறப்பிலேயே ஒரு நொதி குறைந்திருந்த ஆண்கள் அங்கே இருந்தனர். பிறந்தபோது பெண் குழந்தைகளைப் போல் தோன்றிய அவர்கள் பருவ வயதில் ஆண்களாய் வளர்ந்தனர். ஆயினும் அவர்களுடைய புரோஸ்டேட் சிறிதாகவே இருந்தது. டெஸ்டோஸ்டிரோனை அதனினும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுவது அந்த நொதியே. அம்மாற்றத்தைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டியூட்டாஸ்டரைடும் அதே இனம். இவை இரத்தத்திலுள்ள டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை. சுரப்பியைப் பருக்கச் செய்யும் அந்த மாற்றத்தை மட்டுமே தடுக்கின்றன.

உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் துறவு வாழ்வை நாடியபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை என்ற செய்தி புகாரியில் உள்ளது. அங்கே தடுக்கப்பட்டது, அல்லாஹ் தந்த ஆற்றலை வேண்டுமென்றே அழிப்பது. இங்கே நோக்கம் நோய் தீர்ப்பது. இச்சைக் குறைவு சிலருக்கு மட்டும் நேரும் பக்கவிளைவு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நீங்கிவிடும். சிலருக்கு நீடித்ததாகவும் அறிக்கைகள் உண்டு. ஆகவே மருத்துவரிடமும் மனைவியிடமும் பேசி முடிவெடுப்பதே முறை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. இதைக் காயடிப்புடன் ஒப்பிட இடமில்லை என்றே அவரிடம் கூறினேன். அவர் மருத்துவரிடம் திரும்பச் சென்று மாத்திரையைத் தொடர்ந்தார்.

இம்மருந்துக்குப் பொறுமை வேண்டும். சுரப்பி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை சுருங்கும். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். விரைவில் இதம் தருவது டாம்சுலோசின் போன்ற வேறு வகை மாத்திரை. அது தசையைத் தளர்த்துகிறது, சுரப்பியைச் சுருக்குவதில்லை. எழும்போது தலைசுற்றக்கூடும் என்பதால் ஸஜ்தாவிலிருந்து நிதானமாக எழவேண்டும். ஃபினாஸ்டரைடு உண்பவருக்குப் பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். புற்றுநோய் மறைந்துவிடாதிருக்க, இரத்தப் பரிசோதனையின்போது மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடலாகாது. ஆண் சிசுவுக்குத் தீங்காகலாம். அருவியில் குளித்துச் சளி பிடித்தால், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் சில சிறுநீரை அறவே அடைத்துவிடும். அப்படி அடைத்தால் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.

தொழுகை பற்றியும் ஒரு சொல். சொட்டு நிற்காதவருக்கு மார்க்கம் வாசலை அடைக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்து, ஒளூச் செய்து தாமதமின்றித் தொழவேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளூ. ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் ஒளூவுக்கும் ஃபர்ளுக்கும் போதிய இடைவெளி கிடைக்காதவர் உஸ்ருடையவர் ஆவார். அவருடைய ஒளூவை அந்நேரம் முடியும்வரை அச்சொட்டு முறிக்காது. சிறுநீர் கழித்தபின் எப்போதாவது சில துளி வருபவருக்கு இச்சலுகை இல்லை. அவர் நின்றபின் சுத்தம் செய்து தொழுதால் போதும். உங்கள் நிலை எது என்பதை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தொழுமிடத்துக்கு அருகே ஒரு கழிப்பறையை முதியவர்களுக்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளே, அத்தா பள்ளிக்குச் செல்வது குறைந்தால் ஈமானை ஐயுறுமுன் உடல்நலத்தை மெல்ல விசாரியுங்கள்.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்குப் பூரண ஷிஃபாவையும் ஆஃபியத்தையும் அருள்வானாக. ஆமீன்.