பரவை நங்கை நின்ற இடம்

திருவாரூர்த் தியாகராஜர் சந்நிதியைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டியவர் பரவை நங்கை. முதலாம் இராஜேந்திர சோழனின் அனுக்கி. அதாவது அரசனுக்கு மிக நெருக்கமானவர், ஆனால் பட்டத்தரசிகள் வரிசையில் இல்லாதவர். அரசரும் அவரும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடம் அடையாளம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாக அந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. காலம் 1032 வாக்கில். நிலம், வரி, பொன், ஆடு, நெய் என்றே பேசிக்கொண்டு போகும் சோழர் கல்வெட்டுகளில் இப்படி ஒரு செய்தி அபூர்வம்.

“இந்த ஒரு வரிதான் தம்பி என் நாவல். மிச்சமெல்லாம் நான் கட்டினது” என்றார் டீச்சர்.

டீச்சர் கும்பகோணத்துக்காரர். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். சரித்திரக் காதல் நாவல்களைப் புனைபெயரில் எழுதுகிறார். சொந்தப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் டீச்சர்தான். ஒரு சரித்திர நாவல் எப்படி உருவாகிறது, எந்தெந்தக் கைகள் வழியாகப் புத்தகமாகிறது என்று கூடவே போய்ப் பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். “வாங்க, ஆனா நடக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

நடக்கத்தான் வேண்டியிருந்தது. திருவாரூரில் கமலாலயக் குளக்கரையிலிருந்து கோயிலுக்குள் போனதும் அவர் சாமியைப் பார்த்ததைவிடத் தூண்களைப் பார்த்ததுதான் அதிகம். விளக்கு எங்கே இருந்திருக்கும் என்று இன்று யாராலும் கை காட்ட முடியாது. ஆனால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பின்னால் வருகிற பரிவாரம் எங்கே ஒதுங்கும், கதவு திறக்கும்போது வெளிச்சம் யார் முகத்தில் முதலில் விழும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். என்னை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவர் நாலு அடி தள்ளிப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பூக்கட்டும் அம்மாள் ஒருவர் எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, “என்ன டீச்சர், இன்னிக்கு ராஜா வேஷம் இந்தத் தம்பிக்கா?” என்று கேட்டார். இந்தக் கோயிலில் அவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நாவலின் கதைசொல்லி அரசனும் இல்லை, நங்கையும் இல்லை. அந்த விளக்குக்கு நெய் கொண்டுவரும் இடையன். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். அவற்றை ஏற்றுக்கொள்ளும் இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதிலாகக் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது கணக்கு. அதனால் அவை சாவா மூவாப் பேராடுகள். டீச்சருடைய இடையன் தினமும் உழக்கோடு வருகிறான், தினமும் எதையோ கவனிக்கிறான். அரச குடும்பத்துக் காதலை அடுப்படிப் பக்கமிருந்து பார்க்க வைத்தது நல்ல உத்தி என்றுதான் எனக்கும் பட்டது.

அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளது, வலப்பக்கம் அவருடைய கற்பனை. இடப்பக்கம் கறுப்பு மை, வலப்பக்கம் பச்சை. ஓரிடத்தில் ‘கங்கைகொண்ட சோழபுரம் முதல் ஆரூர்’ என்று தலைப்பிட்டு ஆறுகளை வரிசையாக எழுதியிருந்தார்: கொள்ளிடம், மண்ணியாறு, காவிரி, அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான். எதிர்ப்பக்கத்தில் பச்சையில்: “ஆடியில் தேர் வராது. தையில் வரலாம்.” இராஜேந்திரனும் பரவையும் ஒரே தேரில் திருவாரூர் வந்து இறங்கும் காட்சியை முதலில் ஆடிப்பெருக்கில்தான் வைத்திருந்தாராம். புது வெள்ளமும் காதலும் சேர்ந்தால் வாசகருக்குப் பிடிக்கும் என்று எந்தச் சரித்திர நாவலாசிரியருக்கும் தெரியும். பிறகு பஸ்ஸில் அந்த வழியாகப் போய், பாலம் பாலமாக இறங்கிப் பார்த்திருக்கிறார். பாலங்கள் இல்லை என்று வைத்துக்கொண்டால் இத்தனை ஆற்றையும் வெள்ளத்தில் எந்தத் தேர் தாண்டும்? காட்சி தை மாதத்துக்குப் போய்விட்டது.

நிலவும் அப்படித்தான். நம் சரித்திர நாவல்களில் தலைவி உப்பரிகைக்கு வந்தாலே பௌர்ணமி. டீச்சர் விடுவதில்லை. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த பஞ்சாங்க அட்டவணைகளின் நகல் அவரிடம் இருக்கிறது. கல்வெட்டில் வரும் கிழமை, திதி, நட்சத்திரத்தைக் கொண்டு ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிற பெரிய வேலை அது. டீச்சர் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்: தான் எழுதப்போகும் இரவில் நிலவு உண்டா, எத்தனை நாழிகைக்கு எழும் என்று பார்க்க. அன்று தேய்பிறை எட்டாம் நாள் என்றால் காதலர்கள் நடுநிசி வரை இருட்டில்தான் பேச வேண்டும். “இருட்டுல பேசறது இன்னும் நல்லா வந்துது தம்பி” என்றார். படித்தேன், நன்றாகத்தான் வந்திருந்தது.

சமையலில் மிளகாய் இல்லை, மிளகுதான். தக்காளி இல்லை, முந்திரிப் பருப்பு இல்லை. எல்லாம் போர்ச்சுக்கீசியர் கப்பல்களுக்குப் பிறகு வந்தவை. இவை எல்லோருக்கும் தெரிந்த கண்ணிகள். அட்டைப்பட ஓவியர்தான் வேறொன்றில் மாட்டிக்கொண்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் கணக்கால் சாதித்துவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஓர் அத்தியாயத்தில் நெய் அளக்கும் கணக்கு, ஆடுகளின் வாரிசுக் கணக்கு, உழக்குக்கும் ஆழாக்குக்கும் உள்ள உறவு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. சொன்னேன். “உண்மைதானே அதெல்லாம்?” என்றார். உண்மைதான், அதனால் மட்டும் கதையாகிவிடாது. கல்கி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்று மட்டும் வருகிற வல்லவரையர் வந்தியத்தேவரை எடுத்துக்கொண்டு குதிரையில் ஏற்றிவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. அந்த இல்லாத காரணத்தில்தான் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஓடுகிறது. தெரிந்ததைச் சொல்வதில் அல்ல, எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம் இருக்கிறது என்பது என் கட்சி. டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நாவலை அவர் முதலில் எழுதியது ஒரு கதைச் செயலியில், வாரம் இரண்டு அத்தியாயமாக. அங்கே வந்த பெரிய சிக்கல் நாயகனின் வயது. இராஜேந்திரன் தன் மகன் இராஜாதிராஜனுக்கு 1018லேயே இளவரசுப் பட்டம் கட்டிவிட்டான். கங்கைப் படையெடுப்பும் முடிந்து, 1025இல் கடாரமும் முடிந்து, அதற்கும் பிறகு ஏழாண்டு கழித்துத்தான் இந்த விளக்கு. நரை கண்ட மனிதன். செயலியில் படிப்பவர்கள் இளவரசனை எதிர்பார்த்தார்கள். ‘ஹீரோவுக்கு என்ன வயசு ஆன்ட்டி?’ என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். ‘உங்கப்பா வயசு’ என்று டீச்சர் பதில் போட, அன்று கொஞ்சம் பேர் விலகிப் போனார்களாம். நின்றவர்கள் கடைசிவரை நின்றார்கள்.

தமிழில் சரித்திர நாவல் தோன்றியதே காதலோடுதான். திருகோணமலைக்காரரான தி.த. சரவணமுத்துப் பிள்ளை சொக்கநாத நாயக்கரை நாயகனாக வைத்து ‘மோகனாங்கி’யை வெளியிட்டது 1895இல். ஆனால் இதை ஊர் முழுக்கப் படிக்கிற பழக்கமாக ஆக்கியது வாரப் பத்திரிகை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ‘கல்கி’யில் வந்தது, மணியத்தின் ஓவியங்களோடு. சாண்டில்யனுக்குக் ‘குமுதம்’ இருந்தது, லதாவின் சித்திரங்கள் இருந்தன, பிறகு புத்தகமாக்க வானதி பதிப்பகம் இருந்தது. எழுத்தாளர் எழுதினால் போதும். படம் வரைய ஆள், பிழை பார்க்க ஆள், அச்சடிக்க ஆள், கடைக்கு அனுப்ப ஆள், வாரம் தவறாமல் காத்திருக்கும் வாசகர் என்று ஒரு பட்டாளமே பின்னால் நின்றது. டீச்சருக்கு அந்தப் பட்டாளத்தை ஒவ்வொருவராகத் தானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பதிப்பகங்களில் ஏறி இறங்கிய கதை நீளமானது, வழக்கமானது. ஓரிடத்தில் கையெழுத்துப் படி தொலைந்தது. இன்னோரிடத்தில் அச்சுச் செலவில் பாதியை அவரே போடச் சொன்னார்கள். போட்டால் பிறகு பத்து சதவீத ராயல்டி பற்றிப் பேசலாமாம். முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி, நூலக ஆணை கிடைத்தால் முதலுக்கு மோசமில்லை. இப்போது முந்நூறு அடிக்கவே யோசிக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் அச்சடிக்கலாம். 2022இல் மணிரத்னம் படம் வந்தபிறகு ஜனவரிப் புத்தகக் காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐந்து பாகமும் ஒரே கட்டாக மலிவுப் பதிப்பு. அதற்குப் பக்கத்தில் பெயர் தெரியாத ஒருவரின் நாவலை முழு விலைக்கு வைத்தால் வாசகர் கை எங்கே போகும்? புதிய சரித்திர நாவலாசிரியர் உயிரோடிருக்கிற சக எழுத்தாளரோடு போட்டி போடவில்லை, ராயல்டி கேட்காத கல்கியோடு போடுகிறார்.

கடைசியில் சொந்தச் செலவு என்று முடிவாயிற்று. மெய்ப்புப் பார்த்தவர் மயிலாப்பூரில் ஓய்வில் இருக்கும் பத்திரிகைக்காரர். அத்தியாயத்துக்கு அத்தியாயம் யார் என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தார்கள் என்று தனித்தாளில் குறித்து வைத்துக்கொண்டு திருத்துகிறார். பூர்ணிமைக்கும் பௌர்ணமிக்கும் இடையில் டீச்சர் மாறி மாறித் தாவுவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அட்டைப்பட ஓவியர் இளைஞர், டேப்லெட்டில் வரைகிறார். பரவை நங்கையின் கையில் கொத்தான ஆரஞ்சு மாலை, பார்க்க அற்புதம். அது செண்டுமல்லி, மெக்சிகோவிலிருந்து வந்த பூ. டீச்சர் போனில் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “செங்கழுநீர் போட்டுடறேன் மேடம், ஆனா படத்துல அது எடுபடாது” என்றார். செங்கழுநீரே போடப்பட்டது. திருவாரூர்த் தலத்துக்கு அதுதான் பொருத்தம் என்று டீச்சருக்குத் தனித் திருப்தி.

பைண்டிங் பட்டறை ராயப்பேட்டைச் சந்து ஒன்றில், மாடியில். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கக் கலக்கும் மயில்துத்தத்தின் நீலம் வாளி விளிம்பெல்லாம் படிந்திருந்தது. பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பழைய தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துக் கொண்டுவருவோருக்குக் கலிகோ துணி போட்டுக் கட்டிக்கொடுப்பதுதான் அவர் அப்பா காலத்தில் பாதி வியாபாரமாம். பின்னை எடுத்து, துருப்பிடித்த ஓரத்தை வெட்டி, வாரம் மாறாமல் அடுக்கி, பக்கத் தையல் போட்டு. நடுவில் ஒரு வாரம் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒன்று வைத்துத் தைப்பார்களாம், பிறகு கிடைத்தால் ஒட்டிக்கொள்ள.

முதல் பத்து பாரம் அச்சாகி வந்திருந்தது. இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாக மடித்து, மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு, மறுபடி திருப்பி, மறுபடி ஒரு இழுப்பு. மடிக்கும்போது கண்ணில் படுகிற பக்கங்களைப் படிப்பார்களாம். விரித்த தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்து பதினாறாம் பக்கம் நிற்கும். அப்படியும் கதை பிடிபட்டிருக்கிறது.

“அந்த ஆட்டுக்காரன் செத்துடுவானா மேடம்?” என்றார் ஒருவர்.

“ஏம்மா கேக்கறே?”

“இருமிக்கிட்டே இருக்கானே.”

டீச்சர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவருடைய முகத்தில் வந்த மகிழ்ச்சி செயலியில் கிடைத்த நட்சத்திரங்களுக்குக்கூட வந்து நான் பார்த்ததில்லை.

பட்டறைக்காரர் மாதிரிக்கு அடுக்கியிருந்த வெற்றுத் தாள்களைத் தூக்கிக் காட்டினார். 720 பக்கம், 45 பாரம். “ஒரே புத்தகமா வேணாம்மா. தையல் தாங்கும், முதுகு தாங்காது. மல்லாக்கப் படுத்துப் படிக்கிறவங்க மூஞ்சில விழுந்துடும். ரெண்டாப் பிரிங்க.” தலைப்புப் பக்கம் இன்னும் அச்சாகாததால் ‘முதல் பாகம்’ என்று போட்டுக்கொள்ளலாம். எங்கே பிரிப்பது? கதைப்படி நிற்க வேண்டிய அத்தியாயம் 357ஆம் பக்கத்தில் முடிகிறது. இருபத்திரண்டு பாரம் என்றால் 352. ஐந்து பக்கத்துக்காக இன்னொரு பாரம் அடித்தால் மீதிப் பதினொரு பக்கம் வெற்றுத்தாள், காசும் தண்டம்.

டீச்சர் நோட்டைத் திறந்து, பிழை திருத்திய படியைப் புரட்டி, பேனாவால் கோடு கிழித்துக்கொண்டே போனார். நெய்க் கணக்கு அத்தியாயத்தில்தான் கிழித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. “சிரிக்காதீங்க தம்பி” என்றார், நிமிராமலே.

பிறகு எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. முதல் பாகம் ஐந்நூறு, இரண்டாம் பாகம் முந்நூறு போதும் என்றார் பட்டறைக்காரர். முதல் பாகம் வாங்கினவர்களெல்லாம் இரண்டாவதை வாங்க வருவதில்லை, இத்தனை வருஷத்தில் பார்த்துவிட்டாராம். டீச்சர் இரண்டும் ஐந்நூறு என்றார். “எல்லாரும் முதல்ல இப்படித்தாம்மா சொல்வாங்க” என்று அவர் பில் புத்தகத்தை எடுத்தார். டீச்சர் பையிலிருந்து முன்பணத்தை எடுத்து, ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி வைத்துவிட்டு, ரசீதில் இரண்டு பாகத்துக்கும் ஐந்நூறு என்றே எழுதச் சொன்னார்.