உடன் அமரும் ஆசிரியர்

கல்வி எல்லார்க்கும் பொது என்பது இன்று எவரும் மறுக்காத கருத்து. ஆயினும், பள்ளியின் கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே வந்த குழந்தைக்குப் பாடம் சென்று சேர்வது வேறு. சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலி வகுப்பறைக்குள் வந்துவிடும். அதன்பின் அக்குழந்தையின் அருகில் அமர்ந்து கற்பிக்க ஒரு மனிதர் வேண்டும். அவரே சிறப்பாசிரியர்.

விரல் நுனியில் எழுத்து

பிரெய்ல் முறையில் ஆறு புள்ளிகளே எழுத்துகள் அனைத்தையும் உருவாக்குகின்றன. சட்டகத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுத வேண்டும். பின்னர்த் தாளைத் திருப்பி, புடைத்த புள்ளிகளை இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். கரும்பலகையை நம்பிப் பாடம் நடத்தும் ஆசிரியர், எவ்வளவு அன்புடையவராயினும், பயிற்சியின்றி இதனைக் கற்பிக்க இயலாது. செவித்திறன் குறைந்த மாணவருக்குச் சைகைமொழி வேண்டும். எழுத்துகள் இடம் மாறித் தோன்றும் மாணவருக்கு ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் பொறுமையான பயிற்சி வேண்டும். அன்பு இப்பணியின் தொடக்கம். அறிவே அதன் கருவி.

சட்டமும் எண்ணிக்கையும்

1995ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகள், அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையையும் அது வழங்கியது. அவ்வுரிமையை நிறைவேற்றும் கைகள் எத்தனை என்னும் வினா எஞ்சியது. 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதற்கு ஓர் அளவு வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது; 2022இல் மத்திய அரசு அவ்வளவை அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர்.

இவ்வெண்கள் ஏன் முக்கியம்? ஐந்து பள்ளிகளுக்கு ஒருவரே பொறுப்பு என்றால், ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒரு நாளே கிடைக்கும். மற்ற நான்கு நாள்களும் அக்குழந்தை வகுப்பில் இருக்கும், பாடத்தில் இராது. ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினாலும் இழப்பு உண்டு. புதிய குரலையும் புதிய தொடுகையையும் நம்புவதற்கே சில குழந்தைகளுக்குப் பல மாதங்கள் ஆகும். நிலையான பணியமைப்பு ஆசிரியரின் நலன் மட்டுமன்று, மாணவரின் நலனுமாகும்.

விலகி நிற்கும் கலை

உதவி மிகுந்தாலும் தீங்கு உண்டு. எந்நேரமும் அருகில் இருக்கும் பெரியவர், குழந்தைக்கும் வகுப்புத் தோழருக்கும் இடையே சுவராகிவிடலாம். ஆகவே, தேர்ந்த சிறப்பாசிரியர் முதலில் கைபிடித்து எழுதச் செய்வார். பின்னர் விரலைத் தொட்டு மட்டும் நினைவூட்டுவார். அதன்பின் சற்றுத் தள்ளி அமர்வார். தாம் தேவைப்படாத நாளை நோக்கியே அவர் உழைக்கிறார்.

சக மாணவரின் தோழமை மிகப் பெரிய வலிமை. குறிப்பேட்டைப் பகிர்வதும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதும் அவர்களால் இயலும். எனினும், பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத குறையை மாணவரின் நல்லுள்ளத்தால் ஈடுசெய்துவிடலாம் எனச் சமுதாயம் எண்ணுதல் கூடாது. இரக்கம் விரும்பியவர் தருவது. கல்வி ஒவ்வொரு குழந்தையும் கேட்டுப் பெறும் உரிமை.