சுருட்டுப் பரீட்சை

சென்ற தீபாவளி விடுமுறையில், கோலாலம்பூரில் உத்தியோகம் பார்க்கும் நம் தங்கையின் மகன், புக்கிட் ரோத்தானிலுள்ள நமது வீட்டிற்கு ஒரு மரப்பெட்டியுடன் வந்து சேர்ந்தான். பெட்டியைத் திறந்தால் உள்ளே கையால் சுற்றிய சுருட்டுகள், பட்டுத்துணியின்மேல் மாப்பிள்ளைகளைப்போல் படுத்திருந்தன. நண்பர்களோடு கூடி இத்தகைய சுருட்டுகளைத் தருவித்து விற்க எண்ணியிருப்பதாகவும், எது உயர்ந்ததென்று நாம் சொல்லவேண்டுமென்றும் கேட்டான். நாம் புகையை விட்டொழித்து நாற்பது வருஷங்களுக்கு மேலாகின்றன. “புகையாதவனிடமா பரீட்சைக்குக் கொண்டுவந்தாய்?” என்றோம். “பெரிய பாட்டியின் பேரனல்லவா மாமா நீங்கள்?” என்றான் பையன். அதற்கு நம்மிடம் விடையில்லை.

அவன் பெரிய பாட்டி என்றது நம் அப்பாயியை. அதாவது நம் தந்தையைப் பெற்றவரை. திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்து, நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறி வந்து, பத்தாங் பெர்ஜூந்தைக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர்ப் பால் வெட்டியவர். அவ்வூருக்கு 2007-ம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போதே அவர் வாயில் சுருட்டு கனன்றுகொண்டிருக்கும். கொசுவுக்குப் புகை, அட்டைக்கு எச்சில், பசிக்கு இரண்டும் என்பது அவரது சித்தாந்தம். தோட்டத்துக் கடைக்குப் புதுச் சுருட்டுக் கட்டு வந்தால், கடைக்காரர் அதை முதலில் அப்பாயியிடம் காட்டிவிட்டே கண்ணாடிப் போத்தலில் அடுக்குவார். அவர் ‘ஆகாது’ என்றுவிட்டால் அக்கட்டு லயத்தில் விலைபோகாது. எழுத்தறியாத ஒரு கிழவிக்கு ஒரு வியாபாரி அஞ்சியதை நாம் அந்த ஒரு காரியத்தில்தான் கண்டோம்.

அவர் பரீட்சித்த முறையை இன்றும் மறந்தோமில்லை. முதலில் சுருட்டைப் பற்றவைக்காமலே மோப்பம் பிடிப்பார். பிறகு காதருகே வைத்து இரு விரலால் மெல்ல உருட்டுவார். சருகுபோல் நொறுங்கும் ஓசை கேட்டால் இலை காய்ந்துவிட்டது, ஓசையே இல்லையென்றால் ஈரம் ஏறிவிட்டது. ஈரம் ஏறினால் பூசணம் பின்தொடரும். கடலும் சதுப்பும் சூழ்ந்த கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் அது பெருந்தொல்லை. அப்புறம் நுனி முதல் அடிவரை அழுத்திப் பார்ப்பார். ஓரிடத்தில் முடிச்சும் ஓரிடத்தில் பொள்ளலும் இருந்தால், சுற்றியவன் பிள்ளையை ஏசிக்கொண்டே சுற்றினான் என்பார். எல்லாம் தேறிய பின்னரே அடுப்புத் தணலில் பற்றவைத்து, புகையை நெஞ்சுக்கு இறக்காமல் வாயிலேயே நிறுத்தி, மூக்குவழி சிறிது விட்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

அதன்பின் தீர்ப்பு வரும். ‘காட்டம்’ என்றால் புகையிலைக்குச் சத்துண்டு. ‘காரல்’ என்றால் தொண்டையைச் சுரண்டுகிறது. ‘நெடி’ என்றால் மூக்கைக் குத்துகிறது. ‘துவர்ப்பு நிற்கிறது’ என்றால் நல்ல இலை. இக்காலத்து நிபுணர்கள் ஒரே சுருட்டில் கோக்கோ, பதனிட்ட தோல், மிளகு, ஈரமண் என்று பத்துச் சரக்குகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களுடைய நாக்கை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அப்பாயி சொன்ன நாலு சொல்லுக்கும் ரசாயனம் சாட்சி சொல்லும். அறுத்த புகையிலையைக் காயவைத்து, அம்பாரமாக அடுக்கி, உள்ளே சூடேறப் புழுங்கவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் அம்மோனியா வெளியேறும். விற்கும் அவசரத்தில் அம்பாரத்தை முன்னதாகப் பிரித்துவிட்டால் அந்த அம்மோனியா இலையிலேயே தங்கி நெடியாகிறது. அப்பாயி கண்டுபிடித்தது முதலாளியின் அவசரத்தை.

நிற்க. பெட்டியிலிருந்தவற்றுள் ஒன்று உறையூர்ச் சுருட்டு. ஆங்கிலேயர் ‘செரூட்’ என்பது நமது ‘சுருட்டு’ என்ற சொல்லேயாகும். திருச்சிராப்பள்ளிச் சரக்கு சீமையில் எவ்வளவு பிரசித்தமெனில், ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த கோனன் டாயில் 1887-ம் ஆண்டில் வெளியிட்ட முதற் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலின் கறுப்பையும் அது செதில் செதிலாக உதிர்வதையும் கொண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டென்று அவர் நிச்சயிக்கிறார். அப்பாயியும் சாம்பலைப் பார்த்தே ஊர் சொல்லுவார். அவரை வைத்துக் கதை எழுதத்தான் ஆளில்லை.

இரண்டாவது, யாழ்ப்பாணத்துக் கோடாச் சுருட்டு. தேங்காய் மட்டைப் புகையில் பதமாகி, கோடா என்னும் இனிப்புச் சாற்றில் ஊறிய இலை. அவ்வூர்ச் சுருட்டுக் கொட்டில்களில், தொழிலாளர் கை சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வழக்கம் இருந்தது. கியூபாவின் ஹவானா நகரிலும் 1865-ம் ஆண்டு முதல் அதே வழக்கம். எந்தச் சுருட்டிலும் நாம் மனமாரப் போற்றும் அம்சம் இது ஒன்றே.

மூன்றாவதற்குத்தான் விலை அதிகம். அதன் மேலிலை சுமத்திராவின் விதையிலிருந்து எக்குவடோர் நாட்டு மேகமூட்டத்தில் விளைந்ததாம். பட்டுப்போன்ற இலை, நரம்பே தெரியவில்லை. சுமத்திரா எங்கே இருக்கிறது? நமது மலாவதிக் குன்றின்மேல், 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தருகே நின்று மேற்கே நோக்கினால், நீரிணைக்கு அப்பால் அதுதான். அங்கே டெலிப் பிரதேசத்தில் 1863-ல் நீன்ஹைஸ் என்னும் டச்சுக்காரர் புகையிலைப் பயிரைத் தொடங்கினார். ஐரோப்பாவின் சீமான்கள் அந்த மேலிலைக்கு மயங்கினார்கள். சீனரும் ஜாவானியரும் நம் தமிழரும் அங்கே ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனார்கள். வேலையை விட்டோடினால் சிறை என்று 1880-ல் சட்டம் எழுந்தது. அங்கு நடந்த கொடுமைகளை வான் டென் பிராண்ட் என்ற டச்சு வழக்கறிஞர் 1902-ல் அச்சிட்டு வெளிப்படுத்தினார். நரம்பு தெரியாத இலைக்கு அடியில் நரம்பு தெரியும் கைகள் இருந்தன.

“இது ஒன்று எண்பது வெள்ளி, மாமா” என்றான் பையன். 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி. மாதம் இருபத்தாறு நாள் உழைத்தால் நாளுக்கு அறுபத்தைந்து வெள்ளி விழுகிறது. அப்பாயி வெட்டிய பால்மரங்கள் போய் அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. குலைகளை வெட்டுவோர் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்த ஏழைகள். அவருள் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு, இந்தச் சுருட்டின் முக்கால் பங்கிற்குமேல் எரிய ஈடாகும். கணக்கைச் சொன்னோம். அவன் முகம் சுருங்கிற்று. ஆயினும், “சுவை எப்படி என்று சொல்லவில்லையே” என்றான். நியாயமான கேள்வி.

ஆகவே பரீட்சித்தோம். மூன்றிலும் ஒவ்வோர் இழுப்பு. பொய் சொல்வானேன்? யாழ்ப்பாணத்து இனிப்பு நமக்கு உவக்கவில்லை. எண்பது வெள்ளிச் சரக்கு மிக நேர்த்தியாய் எரிந்தது. குற்றம் சொல்ல இடமில்லை. நினைவில் வைக்கவும் ஒன்றுமில்லை. உறையூர்ச் சுருட்டின் துவர்ப்பு நாக்கில் நின்றவுடன், தணல் வெளிச்சத்தில் கண்மூடியிருக்கும் ஒரு முகம் நமக்கு முன் வந்துவிட்டது. நன்றாயிருந்தது. இரண்டாவது இழுப்புக்குக் கை தானாக எழுந்தது. வலியக் கீழே வைத்தோம்.

“நூற்றுக்கு எவ்வளவு மாமா?” என்று அவன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். அப்பொழுதுதான், அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னே நடந்ததைச் சொன்னோம். சிகரெட்டுப் புகை அமிலத்தன்மை உடையது. நெஞ்சுக்குள் இழுத்தாலன்றி அதன் நிக்கொட்டின் உடம்பில் ஏறாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. வாயில் நிறுத்தினாலே கன்னத்துத் தோல்வழி இறங்கிவிடும். சுவை பார்க்கும் அந்த முறையே விஷம் ஏறும் வழியாகவும் இருக்கிறது. அப்பாயியின் இடக்கன்னத்தின் உட்புறம் வெள்ளையாய் ஒரு தடிப்பு எழுந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டது என்றார். பிறகு அது புண்ணாயிற்று. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தாடை வரைக்கும் புற்று. கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சியின் உப்புக்கூடத் தெரியவில்லை. கடைக்காரர் ஒருநாள் பழக்கதோஷத்தால் புதுக் கட்டோடு லயத்து வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

“எந்தக் கன்னம்?” என்று பையன் மறுபடி கேட்டான். நமது கன்னத்தைத் தொட்டுக் காட்டினோம். குறிப்புப் புத்தகத்தில் அவன் ஒன்றும் எழுதவில்லை. வியாபாரத்தைக் கைவிட்டான் என்றும் சொல்வதற்கில்லை; நண்பர்களோடு பேசவேண்டும் என்றான். 2024 அக்டோபர் முதல் அமலிலுள்ள சட்டம் புகைப்பொருளுக்கு விளம்பரம் செய்யவே தடைவிதிக்கிறதென்பதை மட்டும் அவனுக்கு நினைவூட்டினோம்.

அவன் விட்டுச்சென்ற உறையூர்ச் சுருட்டை நம் தங்கை எடுத்துப்போய், செம்பனை ஓரத்து முனியாண்டி மேடையில் வைத்துவிட்டாள். நமக்கு அதில் நம்பிக்கையில்லை யென்பது அவளுக்குத் தெரியும். தடுக்கவும் நமக்கு மனமில்லை. மறுநாள் காலை அவ்வழியே நடந்தபோது பார்த்தோம்: சுருட்டு பாதிக்குமேல் எரிந்து கிடந்தது. சாம்பல் கறுப்பாய், செதில் செதிலாய் உதிர்ந்திருந்தது. யார் புகைத்தது என்று நாம் விசாரிக்கவில்லை.