கோலுக்கு மேல் கிடக்கும் மண்

கோல் விழுந்த நேரத்தில் எவர் எங்கே உட்கார்ந்திருந்தாரோ, அவர் ஆட்டம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது, தொழில்முறைக் கால்பந்தை விடாமல் பின்தொடரும் ரசிகர்களிடையே எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் விதி. நெய்வேலி நகரியத்தின் குவார்ட்டர்ஸ் வீடுகளிலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்துபோனவர் சமையலறையில் இருக்கும்போது சென்னையின் எஃப்சி கோல் அடித்துவிட்டால், அவர் திரும்பிக் கூடத்துக்குள் வர அனுமதி கிடையாது; மீதி ஆட்டத்தை அவர் சமையலறை வாசலில் கையில் சொம்புடன் நின்று, கூடத்தில் எழும் கூச்சலைக் கொண்டுதான் அறிந்துகொள்ள வேண்டும். வெற்றி பெற்ற அன்று உடுத்தியிருந்த நீல ஜெர்சி, அணி அடுத்துத் தோற்கும்வரை துவைக்கப்படுவதில்லை. 'ஜெயித்துவிட்டோம்' என்ற சொல்லை இறுதி விசிலுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுகிறவர், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரிய மாமாவாகவே இருந்தாலும், வீட்டுச் சிறுவனின் கண்டிப்புக்கு ஆளாவார். மாமாவும் தம் தவற்றை உணர்ந்து வாயை மூடிக்கொள்வார்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்குவது ரசிகரின் உள்ளத்தை அறியாமல் செய்யும் பிழையாகும். நாடகம் பார்ப்பவரும் சினிமா பார்ப்பவரும் தம்மைப் பார்வையாளர் என்றே கருதுகின்றனர், கால்பந்து ரசிகரோ தம்மை வேலையில் இருப்பவராகக் கருதுகிறார். நாளை மூன்று ஷிப்டுகளாகப் பகுத்து, சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் இரவு பகல் பாராமல் இயக்கிவரும் ஓர் ஊரில் இதனை விளக்கப் பெரிய முயற்சி தேவையில்லை. அடுத்த ஷிப்டின் ஆள், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பை ஏற்கும்வரை தம் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது அங்குள்ள தொழிலாளிக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். ஆட்டத்தின் 80-ஆவது நிமிடத்தில் நாற்காலியை விட்டு எழ மறுக்கும் ரசிகர் பின்பற்றுவதும் அதே பாடத்தைத்தான். அவருக்கு ரிலீவர் கிடையாது என்பது ஒன்றே வேறுபாடு.

நெய்வேலியின் நிலவியலும் இந்த ரசிகருக்குத் துணை நிற்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புநிறப் பொருள் வெளிப்பட்டதிலிருந்து தொடங்கும் இவ்வூரின் வரலாற்றில், அதிகம் பேசப்பட வேண்டியதும் பேசப்படாததுமான ஒரு கால இடைவெளி உண்டு. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரிப் படுகை முதன்முதலாக வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் வெட்டியெடுக்கப்பட்டதெல்லாம் மண். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் இம்மண்ணைச் சுரங்கத் தொழிலில் மேல்மண் என்பர்; நெய்வேலியில் அது 50 மீட்டருக்கும் கூடுதலான தடிப்புடையது, அதில் பெரும்பகுதி கடலூர் மணற்கல் எனப்படும் பாறை. ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய பிரம்மாண்டமான வெட்டு இயந்திரம், அதாவது ஊரார் பக்கெட் வீல் என்று வழங்குவது, இந்த மணற்கல்லில் வேலை செய்யும்போது அதன் வாளிப் பற்கள் வெகுவிரைவில் தேய்ந்துபோகின்றன. தேய்ந்த பற்களைக் கழற்றிப் புதிய பற்களை மாட்டுவதே அங்கு ஓயாத வேலை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலெழாதிருக்க, பம்புகளையும் ஒரு நாளும் நிறுத்த முடியாது.

கால்பந்தின் கணக்கும் இதற்கு மிக அருகில் வருகிறது. உலகின் முன்னணி லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோல்கள் அளவிலேயே விழுகின்றன. 90 நிமிட ஆட்டத்தில், பந்து வெளியே போவது, ஃப்ரீ கிக்குக்காகக் காத்திருப்பது, காயம்பட்டவர் புல்லில் புரளுவது போன்றவற்றைக் கழித்தால், பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஒரு மணியைத் தொடுவதே அரிது. கோல் என்ற படுகை மெல்லியது, அதன் மேல் கிடக்கும் மண் கனமானது. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து ஏதேனும் கிடைத்துக்கொண்டேயிருப்பதால் கிரிக்கெட் ரசிகர் மென்று விழுங்கிக்கொண்டே பார்க்கலாம். கால்பந்து ரசிகர் பட்டினி கிடக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். கோல் இல்லாமல் சமனில் முடிந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழும் ரசிகரிடம், 'ஒன்றுமே நடக்கவில்லையே, இதையா இரண்டு மணி நேரம் பார்த்தீர்கள்?' என்று வீட்டார் கேட்பதுண்டு. மேல்மண் அகற்றிய நாளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சுரங்கத்தில் எவரும் சொல்வதில்லை என்பதே அதற்கு உரிய விடை.

நேரக் கணக்கிலும் ஷிப்டு ஊரின் ரசிகருக்கு ஒரு வசதியும் ஒரு வேதனையும் உண்டு. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்குவதால், மற்ற ஊர் ரசிகர்கள் கண்ணெரிச்சலோடு மறுநாளைத் தள்ள வேண்டியிருக்கும். இரவு ஷிப்டுக்குப் பழகிப்போன நெய்வேலி உடலுக்கு அது இயல்பான விழிப்பு. ஆனால் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை ஏழரைக்குத் தொடங்குவன. இரண்டாம் ஷிப்டுக்கு நடுவே அவை வந்து விழுகின்றன. ஷிப்டை மாற்றிக்கொடுத்த சக தொழிலாளிக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் கடனாக நினைவில் வைத்திருக்கும் ரசிகர்கள் நகரியத்தில் உண்டு. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை நேரு ஸ்டேடியத்துக்கே போய்ப் பார்க்க முனைபவர், ஆட்டம் முடிந்து பேருந்து பிடித்து, வீட்டுக் கதவைத் தட்டும்போது விடியற்காலை ஆகிவிடும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளச் செய்வது அணியின் வெற்றி மட்டும் எனக் கூற இயலாது. நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் நடுக்களத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி என்ற மற்றோர் அணி, 2018-19 ஐ-லீக்கை ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று வென்றது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு 3-1 என மீண்ட அதே மாலையில், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணைக் கோவையிலும் மறு கண்ணைக் கோழிக்கோட்டிலும் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மாலை மறக்காது. சில ஆண்டுகளுக்குள் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லாமற் போயிற்று. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கும், கால்பந்துக் கூட்டமைப்புக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடிவுறும் தறுவாயில் இருந்ததால், அடுத்த பருவத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆட்ட அட்டவணையே இல்லாத அந்த மாதங்களிலும் ஜெர்சி பீரோவுக்குள் மடித்து வைக்கப்பட்டுத்தான் இருந்தது. பற்று எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

இக்கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய வெளிச்சம், எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வருகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் வாழ்த்துக் காதை என்ற பகுதியில், தெய்வமாகிவிட்ட கண்ணகி சேரன் செங்குட்டுவனுக்குக் காட்சி தந்த பின், வஞ்சி நகரத்து மகளிர் விளையாடிக்கொண்டே பாடும் பாடல்கள் இடம்பெறுகின்றன. காய்களை மேலே எறிந்து பிடிக்கும் அம்மானை ஆட்டத்தில் சோழனைப் பாடுகின்றனர். ஊசலாடும்போது சேரனைப் பாடுகின்றனர். பந்தடிக்கும்போது, அதாவது கந்துகவரியில், பாண்டியனை வாழ்த்துகின்றனர். கந்துகம் என்பது பந்து. வரி என்பது இசைப்பாடலின் ஒரு வகை. ஓரிடத்தில் நில்லாமல் ஓடியாடி, பந்தின் துள்ளலுக்கு இசைய வாழ்த்தொலி எழுப்பும் இம்மகளிரைப் படிக்கும் எந்தக் கால்பந்து ரசிகருக்கும், சென்னை ஸ்டேடியத்தில் பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ஆகிய ரசிகர் குழுக்கள் முரசறைந்து 90 நிமிடமும் ஓயாது பாடுவது நினைவுக்கு வரும். ஆட்டத்துக்கு ஒரு மன்னன் என்று பிரித்துக்கொண்டு பாடும் அந்த ஒழுங்கு, அணிக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக்கொள்ளும் இன்றைய ஒழுங்குக்குத் தொலைவானதன்று.

ஆனால் அதனினும் ஆழமான செய்தி, பந்துக்கு உரியவனாகப் பாடப்படுகிறவன் பாண்டியன் என்பதே. வஞ்சி சேரனின் தலைநகர். பாடும் பெண்கள் சேர நாட்டவர். பாண்டியனோ, ஆராயாமல் தீர்ப்பளித்துக் கோவலனைக் கொல்வித்த மரபைச் சேர்ந்தவன். காப்பியம் முழுவதற்கும் காரணமான பிழை அந்த அரண்மனையில் நிகழ்ந்தது. அப்படியிருந்தும், அதே காதையில் கண்ணகியே பாண்டியன் குற்றமற்றவன் என்று கூறித் தன்னை அவன் மகளாக அறிவித்துக்கொள்கிறாள். அதன் பின்னரே பந்து துள்ளுகிறது, வாழ்த்து எழுகிறது. பிழை செய்தவனின் பெயரைப் பாட்டிலிருந்து நீக்கிவிடாத இந்தப் பண்பை, இலக்கிய உரையாளர்கள் வேறு எவ்வாறு விளக்கினும், கோல்கீப்பர்களை நேசிக்கும் ஒருவரால் இலகுவில் கடந்து போக முடியாது.

2015-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம் இங்கு விரிவாகச் சொல்லத் தக்கது. அந்த நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிக் கடலூர் மாவட்டமே மூழ்கியிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. தன் ஊரில் ஆட முடியாத சென்னையின் அணி, அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆடிக் கொல்கத்தாவை 3-0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில், எஃப்சி கோவாவை அதன் மக்கள் முன்னிலையிலேயே அது எதிர்கொண்டது. 54-ஆவது நிமிடத்தில் பெலிசாரி சென்னைக்குக் கோல் அடித்தார். நான்கே நிமிடங்களில் ஹாவோகிப் அதைச் சமன் செய்தார். 87-ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலால் கோவா 2-1 என முந்தியது. நெய்வேலிக் கூடங்களில் அப்போது எவரும் அசைந்திருக்க மாட்டார்கள். அசைவதற்கு இனி இடம் எதுவும் மிச்சம் இல்லை. 90-ஆவது நிமிடத்தில், கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் பெயரில் ஒரு சுய கோல் பதிவாயிற்று. சுய கோல் என்பது ஆட்டக்காரர் தம் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிடுவது. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் கொலம்பியரான மெண்டோசா, அந்தப் பருவத்தில் தம் 13-ஆவது கோலை அடித்தார். 3-2. வெள்ளம் வடியாத தெருக்களுக்கு ஒரு கோப்பை வந்து சேர்ந்தது.

அந்த வெற்றியை நினைக்கும்தோறும் நீல ஜெர்சிக்காரருக்கு மெண்டோசாவுக்கும் முன்னால் நினைவுக்கு வருபவர் கட்டிமணி. கோவாவில் பிறந்தவர்; சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன், கோப்பையிலிருந்து சில நிமிடத் தொலைவில் அவருக்கு அது நேர்ந்தது. எதிரணியின் துயரத்தில் விளைந்த மகிழ்ச்சியை உண்டவர்களுக்கு அத்துயரத்தின்பால் ஒரு கடன் இருக்கிறது. 2020 மார்ச்சில் சென்னையின் எஃப்சி மீண்டும் ஃபடோர்டாவில் இறுதி ஆட்டம் ஆடி, 3-1 எனக் கொல்கத்தாவிடம் தோற்றது. கொரோனா அச்சத்தால் ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்த அந்த ஆட்டத்தில் பந்தை உதைக்கும் ஒலியும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் ஒலியும் மட்டுமே தொலைக்காட்சியில் கேட்டன. வாழ்த்து இல்லாத கந்துகம் எப்படியிருக்கும் என்பதை அன்று அனைவரும் கண்டனர்.

2022 மார்ச் 20 அன்று அதே ஃபடோர்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. சென்னையின் எஃப்சி அதில் இல்லை. எனவே நாற்காலி விதி தளர்ந்திருந்தது, ஜெர்சி துவைக்கப்பட்டுக் கொடியில் காய்ந்தது, தண்ணீருக்கு எழுந்தவர்கள் தடையின்றித் திரும்பி வந்தனர். 1-1 என ஆட்டமும் கூடுதல் நேரமும் முடிந்து பெனால்ட்டி உதைகளுக்குப் போனபோது, ஹைதராபாத்தின் வலைக்கு முன்னால் வந்து நின்றவர் கட்டிமணி. ஒன்றைத் தடுத்தார். இன்னொன்றைத் தடுத்தார். சமையலறைக்குப் போக எழுந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார், அவரை அங்கேயே நிற்கும்படி கூடத்திலிருந்து ஒரு குரலும் வந்தது. மூன்றாவதையும் கட்டிமணி தடுத்தார்.